தையில் தோண்டும் கிழங்குக்கு ஆவணியிலேயே அடையாளம் வேண்டும்: சேலம் மாவட்ட வன அலுவலருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும், ஏற்காட்டுப் பக்கம் காட்டு வாழ்க்கைப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்களுக்கும், பிள்ளைகளை அந்த முகாம்களுக்கு அனுப்பும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமை காலை அடிவாரம், ஞாயிற்றுக்கிழமை இருட்டுமுன் வீடு. இந்தக் கணக்கில் நெருப்பு மூட்டவும், கயிறு திரிக்கவும், கிழங்கு தோண்டவும், ஓடைத் தண்ணீரைத் தெளியவைத்துக் குடிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்போனை விட்டு எழுந்து வந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளையை யார் வேண்டாம் என்பார்கள்? முகாம்களைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவும் இந்த மடல் இல்லை. அனுமதியை இரண்டு நாளுக்குக் கொடுக்காமல் ஓராண்டுக்குக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதே பிள்ளைகள், அதே இரண்டரை ஏக்கர், ஆடியில் தொடங்கி ஆறு முறை வரவேண்டும். காரணம் அந்தந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

கிழங்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் உயிர் போகும்.

காட்டு வள்ளிக் கொடி மழைக்காலத்தில் தழைத்து, மார்கழி வாக்கில் பழுத்து, தையில் காய்ந்துபோகும். இலை பழுத்த பிறகுதான் மாவுச்சத்து முழுவதும் கிழங்கில் இறங்கியிருக்கும்; அதனால் தோண்ட வேண்டிய காலம் தை, மாசி. சிக்கலும் அதே காலத்தில்தான். அதே புதர் ஓரத்தில், அதே மழைக்கு முளைத்து, அதே தைக்குள் காய்ந்துபோகும் இன்னொரு கொடி செங்காந்தள். நம் மாநில மலர்தான், கண்வலிக்கிழங்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். அதன் கிழங்கில் இருப்பது கொல்கிசின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு கொஞ்சம் தேறியதுபோலத் தெரிந்து, ஓரிரு நாளில் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் கெட ஆரம்பிக்கும். சாதாரண வயிற்றுக்கோளாறு என்று வீட்டில் வைத்திருந்து காலம் கடத்தினால் முடிந்தது.

பச்சையாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது குழந்தைக்கும் எளிது. செங்காந்தள் இலையின் நுனி சுருள்கம்பிபோல் நீண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொள்ளும். வள்ளிக்கு அந்த நுனிச்சுருள் கிடையாது. கொடியே சுற்றி ஏறும், இலையில் நரம்புகள் காம்படியிலிருந்து விரிந்து போகும். ஆனால் தையில் இலை எங்கே இருக்கிறது? காய்ந்த தண்டும் மண்ணும்தான். மண்ணுக்குள் செங்காந்தள் கிழங்கு கலப்பைபோல் இரு கையாகப் பிரிந்து, வழவழவென்று, முனை கூர்ந்து இருக்கும். வள்ளி மயிர்வேர்களோடு நேராக ஆழம் போகும். தோண்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நம்பும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கடப்பாறை பட்டு உடைந்த துண்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே தோண்டும் பயிற்சி ஆவணியிலேயே தொடங்கவேண்டும். இலை இருக்கும்போது கொடியை அடையாளம் கண்டு, அதன் அடியில் ஒரு முளைக்குச்சி அடித்து, பிள்ளைகள் தாங்களே திரித்த கயிற்றை அதில் கட்டவேண்டும். தையில் திரும்பி வரும்போது கயிறு இருக்கும் இடத்தில் மட்டும் தோண்டலாம். கயிறு அறுந்து விழுந்திருந்தால் அந்தக் கொடி அந்த வருடம் கிடையாது, எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் சரி. அடையாளம் வைத்த கொடிகளிலும் மூன்றில் ஒன்றைத்தான் தோண்டலாம். நேர் மேலிருந்து குத்தாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் குழி எடுத்துக் கிழங்கை வெளிப்படுத்தவேண்டும். கொடி சேரும் தலைப்பகுதியை நாலு விரல் அளவு வெட்டிக் குழியிலேயே வைத்து, எடுத்த மண்ணை அப்படியே தள்ளி மிதித்துவிட வேண்டும். தலையை எடுத்துப் போனால் அடுத்த ஆடிக்கு அங்கே கொடி இல்லை. மூடாத குழி சரிவில் மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும், காட்டுமாட்டுக் கன்றின் காலையும் முறிக்கும்.

வள்ளியிலும் எல்லாம் தின்னக்கூடியவை இல்லை. சில இனங்களில் டயாஸ்கோரின் என்ற நஞ்சு உண்டு. மெல்லிசாகச் சீவி ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றி வேகவைத்தே பழங்குடிகள் தின்றிருக்கிறார்கள். இது புத்தகம் பார்த்துச் செய்யும் வேலையில்லை. அந்த ஊரில் அதைச் சமைக்கும் ஒரு அம்மா பக்கத்தில் நின்று சரி என்று சொல்லாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. காளானைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

மேலே கயிறு என்றோமே, அது சும்மா அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவுகளில் வலம்புரிச் செடி உண்டு; காயே முறுக்கிய கயிறுபோல் இருக்கும், ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அதன் பட்டைதான் நார். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வயதுள்ள, கட்டைவிரல் பருமனில் கிளையில்லாமல் நேராகப் போன தண்டு வேண்டும். இரண்டு ஆண்டு தாண்டினால் நார் முரடாகி ஒடியும். ஒரு தூரில் மூன்றில் ஒரு பங்குத் தண்டுக்கு மேல் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, கூரான அரிவாளால் சாய்வாக ஒரே வெட்டு. மொண்ணை அரிவாளில் நாலு தடவை கொத்தினால் அடிக்கட்டை பிளந்து நீர் இறங்கி அழுகும், மறுதளிர் வராது. மழைக்காலத்தில் தண்டில் சாறு ஓடுவதால் பட்டை ஒரே இழுப்பில் உரிந்து வரும். இதையே பங்குனியில் செய்தால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும், பிள்ளைகள் கையைத்தான் கிழித்துக்கொள்வார்கள். ஆடி என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரித்த பட்டையைக் கட்டுக்கட்டி, தொட்டித் தண்ணீரில் மூன்று வாரம் அமிழ்த்தி வைத்தால் பசை அழுகி நார் பிரியும். ஓடையில் போடாதீர்கள். அழுகும் பட்டை தண்ணீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும், கீழே குட்டையிலுள்ள மீன் மிதக்கும். ஆனைக்கற்றாழை என்றால் இன்னும் மோசம், அதன் சாறே மீனுக்கு ஆகாது. மனிதத் தோலிலும் பட்ட இடமெல்லாம் அரித்துத் தடிக்கும்.

திரிப்பு கைப்பழக்கம்தான், ஆனால் தவறுவது எப்போதும் ஒரே மூன்று இடத்தில். நாரை நடுவில் மடிப்பது முதல் தவறு. ஒரு பக்கம் ஒரு பங்கு, மறுபக்கம் இரண்டு பங்கு என்று மடிக்கவேண்டும். நடுவில் மடித்தால் இரண்டு இழையும் ஒரே இடத்தில் தீர்ந்து, ஒட்டுப்போடும் இடம் இரண்டும் சேர்ந்துவிடும், கயிறு அங்கேதான் அறும். இரண்டாவது, இழைகளின் பருமன் மாறுவது. மெல்லிய இழை பருத்த இழையைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர இரண்டும் பின்னாது. இழுத்தால் சுமை முழுவதும் ஒரு இழையில் விழும். மூன்றாவது, காய்ந்த நார். கையை நனைத்துக்கொண்டே திரிக்கவேண்டும். வலது இழையை வெளிப்பக்கமாக முறுக்கி, இடது இழைக்கு மேலாக உள்பக்கம் கொண்டுவந்து, இடம் மாறிய இழையை மறுபடி வெளிப்பக்கமாக முறுக்குவது. இழை ஒரு திசை, கயிறு எதிர்த் திசை. கையை விட்டாலும் பிரியாமல் நிற்பது அந்த எதிர்முறுக்கால்தான். முடித்த கயிற்றில் பத்துக் கிலோ அரிசிப் பையை ஒரு இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். தொங்கினால் பாஸ். ஆள் ஏறும் காரியத்துக்கு மட்டும் எந்தக் கைக்கயிறும் கூடாது.

நெருப்பு விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே பேசுவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே மலையேற்றத் திட்டமும் தொடங்கியது. நடப்பவர்களுக்கு இப்போது ஓர் ஒழுங்கு இருக்கிறது. வெட்டுகிறவர்களுக்கும் தோண்டுகிறவர்களுக்கும் மூட்டுகிறவர்களுக்கும் அதே கண்டிப்போடு ஓர் ஒழுங்கு வேண்டும்.

மூங்கிலை மூங்கிலோடு உரசி நெருப்பு எடுப்பதைக் காட்டுக்குள் சொல்லித்தரத் தேவையே இல்லை. பள்ளி மைதானம் போதும். ஒன்றரை மீட்டர் வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி மணல் பரப்பி, இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, கார்த்திகையில் செய்யலாம். ஈரக்காலத்தில் மூங்கில் நமத்துப்போகுமே என்றால், அதுதான் பாடம். ஒரு மாதம் முன்பே அடுப்புக்கு மேல் பரணில் போட்டு உலர்த்தவேண்டும் என்பதை அப்போதுதான் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். முழங்கை நீளத் துண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் ஓரத்தைக் கத்திபோல் சீவி, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டும். மற்றப் பாதியின் முதுகில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, உட்பக்கத்துக்கு அரிசி அளவில் துளை விழும்வரை ஆழப்படுத்த வேண்டும். மூங்கில் தோலைச் சுரண்டிய பஞ்சை அந்தத் துளைக்கு உட்பக்கம் ஒரு சிம்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிறுத்திய ஓரத்தின்மேல் மேலும் கீழுமாக உரசவேண்டும். விழும் தூள் வெளிர் பழுப்பாக இருந்தால் வேகம் போதாது. கறுத்துப் புகைந்தால் இன்னும் முப்பது நாற்பது உரசல்தான் பாக்கி. அந்த நேரத்தில்தான் எல்லாரும் மூச்சு வாங்க நிறுத்துவார்கள். நிறுத்தினால் சூடு இறங்கிவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டுபேர் எதிரெதிரே உட்கார்ந்து கைமாற்றிக்கொண்டால் தீர்ந்தது. துளை பெரிதானால் தூள் சிதறிப்போகும். கங்கு விழுந்ததும் ஊதாதீர்கள், தூளெல்லாம் பறந்துவிடும். அரை நிமிடம் தானே கனியவிட்டு, பிறகு உதிர்த்த தேங்காய்நாருக்குள் வைத்து மெல்ல ஊதவேண்டும்.

அணைப்பதை மூட்டுவதற்குச் சமமான நேரம் சொல்லித்தரவேண்டும். மண்ணைத் தள்ளி மூடுவது அணைப்பது ஆகாது. மண்ணுக்கடியில் வேரைப் பிடித்துக் கங்கு ஊர்ந்து, மறுநாள் காற்றுக்கு வேறு இடத்தில் எழும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுச் சூடு இல்லையென்று பார்த்தபிறகே எழவேண்டும். மாசியிலிருந்து சித்திரைவரை போதைப்புல் (எலுமிச்சை மணமுள்ள புல்) காய்ந்து கிடக்கும் சரிவுகளில் தீக்குச்சியே கூடாது. அந்தப் புல்லில் எண்ணெய் இருப்பதால் பச்சையிலும் எரியும். அந்த மாதங்களில் பிள்ளைகள் வந்தால் வனத்துறை ஊழியர்களோடு தீத்தடுப்புக் கோட்டில் சருகு கூட்டட்டும். தீ வந்தால் மேட்டை நோக்கி ஓடக்கூடாது, தீ மேட்டில் நம்மைவிட வேகமாக ஏறும். பக்கவாட்டில் பாறைக்கோ, பாதைக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடத்துக்கோ போகவேண்டும். இதை அந்த மாதத்தில் அந்தச் சரிவில் நின்று சொன்னால்தான் உறைக்கும்.

தண்ணீரில் ஒரு விஷயம் இந்த மலைக்கே உரியது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து கீழே வருகின்றன. நாம் சேலத்தில் அவற்றைச் சாக்கடையாக்கி வைத்திருப்பது வேறு கதை. ஏற்காட்டு ஓடைகள் பெரும்பாலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகின்றன. கார்த்திகை முதல் தை வரை பழம் பறித்துத் தோல் நீக்கும் காலம். அந்தக் கழிவுநீர் புளித்து ஓடையில் கலந்தால் நாற்றமும் பழுப்பு நிறமும் காட்டிக்கொடுக்கும். மழைக்கு முன்னும் பின்னும் இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். அது கலந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. காய்ச்சினால் கிருமி சாகும், செம்பு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே முதல் பாடம் ஓடையைப் பிடித்து மேலே நடந்து, கடைசித் தோட்டத்துக்கும் மேலே ஊற்று எங்கே என்று பார்ப்பது.

தேற்றான் கொட்டையைப் பலர் மந்திரம்போல் விற்கிறார்கள். மண்பானையின் உட்புறத்தில் சொட்டு நீர் விட்டுக் கொட்டையை உரசி, சந்தனம்போல் பசை வந்ததும் கலங்கல் நீரை ஊற்றிக் கலக்கி ஒரு இரவு வைத்தால், மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. தெளிந்த நீர் கிருமி இல்லாத நீர் ஆகிவிடாது. மேல்நீரை இறுத்து, தளதளவென்று கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைக்கவேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும். கிருமிக்கு அது போதும், பருப்புதான் வேகத் தாமதமாகும்.

தேற்றான் கொட்டையைக் காட்டில் பொறுக்கித்தான் காட்டவேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். எட்டி மரமும் அதே குடும்பம், அதே பேரினம், அடிவாரக் காடுகளில் இரண்டும் இருக்கும். தேற்றான் கொட்டை ஒரு சென்டிமீட்டர் அளவில் சற்று உருண்டது. எட்டிக் கொட்டை ஒரு ரூபாய் நாணயம்போல் தட்டையாக, சாம்பல் நிறப் பட்டு மயிரோடு மினுங்கும். அதில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. நாட்டு மருந்துக் கடையில் தேற்றான் கொட்டை கிடைக்கும், அதை வாங்கி வந்து காட்டினால் பாடம் ஒன்றும் குறைந்துவிடாது.

எடுப்பதையே இவ்வளவு நேரம் பேசினோம். பாதி நேரமாவது கொடுப்பதற்கு வேண்டும். இந்த மலையில் அதற்கு ஏற்ற வேலை, காட்டை மூடிப் பரவும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லண்டானா) அகற்றுவது. வெட்டினால் நாலாகத் துளிர்க்கும், எரித்தால் இன்னும் நன்றாக வரும். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் ஆணிவேரை ஒரு வெட்டு வெட்டி, புதரைத் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி பக்கத்துப் புதரின்மேல் கவிழ்த்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். காய் பிடிக்குமுன் செய்யவேண்டும், இல்லையென்றால் இழுத்துப்போகும் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவோம். சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். முதல் மழையிலேயே மேல்மண் போய்விடும். சமமட்டத்தில் மூன்று மீட்டர் அகலப் பட்டைகளாக, ஒன்று விட்டு ஒன்று எடுத்து, எடுத்த பட்டையில் உள்ளூர்ப் புல் வேரூன்றிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். பறவை உட்காரும் மரத்தடியில் மட்டும் மறுபடி மறுபடி நாற்று வரும், அங்கே மூன்று பருவம் கையால் பிடுங்கவேண்டும். ஒருநாள் வந்து பிடுங்கிப் படமெடுத்துப் போகிறவர்களால் நடக்காத காரியம் இதுதான்.

பிடுங்கும் முன் என்ன செடி என்று தெரிந்தவர் ஒருவர் நிற்கவேண்டும். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே தாங்கிய செடி உண்டு. ஏற்காட்டில் 1963 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இருக்கிறது. முதல் வருகையின் முதல் அரைநாளை அங்கே கழிக்கலாம்.

யார் சொல்லித்தருவது? இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள். அவர்களைக் கிழங்கு காட்டும் ஆளாக அரைநாள் கூலிக்குக் கூப்பிடும் வழக்கம் நிற்கட்டும். ஆசிரியர் என்ற பெயரும் ஆசிரியருக்குரிய ஊதியமும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இந்தக் கொடியை இந்த வருடம் தொடாதே என்று ஒரு பாட்டி சொன்னால் அதுவே முடிவு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிழங்கு, நார் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கும் உரிமை காட்டில் வழிவழியாக வாழ்கிறவர்களுடையது. முகாமுக்குப் பணம் கட்டி வந்தவருக்கு அது மாறிவராது. கண்ணி வைப்பதையும் கவண் அடிப்பதையும் செய்முறையாகக் காட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாடுவது, விட்டுவிடுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் 108-க்குச் சொல்லி இறக்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இன்னொன்று. புதரில் உட்கார்ந்து எழுந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, அக்குளிலோ தொடையிடுக்கிலோ பீடிச் சூடு போட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் அது புதரிலுள்ள சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொன்னால் எளிய மாத்திரையில் தீரும்; சொல்லாமல் விட்டால் நுரையீரல்வரை போகும். முகாம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஐயா, எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். இரண்டு நாள் அனுமதிச் சீட்டுக்குப் பதில் ஆடி, ஆவணி, கார்த்திகை, தை, பங்குனி, வைகாசி என ஆறு வருகைக்கு ஒரே அனுமதி. உண்ணிச்செடி மண்டிய ஓர் இடத்தைத் துறையே தேர்ந்து கொடுக்கட்டும். முளைக்குச்சிகளின் கணக்கும், தோண்டிய குழிகளின் கணக்கும், உண்ணி எடுத்த பட்டைகளின் கணக்கும் வனவரிடம் ஒரு நோட்டில் இருக்கட்டும். வைகாசியில் கணக்குப் பார்த்து, தலைப்பகுதி புதைத்த குழிகளில் பாதியாவது தளிர் காட்டினால் அந்த முகாமுக்கு அடுத்த ஆண்டு அனுமதி. ஆனி முடியுமுன் பதில் கிடைத்தால் வலம்புரிப் பட்டை உரியும் பருவத்தைத் தவறவிடாமல் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் காட்டு வேலை சொல்லித்தருகிறவர்கள்